அடுத்த வீட்டுத் தென்னை

ராத்திரி அடித்த காற்றில் அடுத்த வீட்டுத் தென்னை மரம் உங்கள் ஓட்டுக் கூரை மேல் சாய்ந்து விட்டது என்று வைத்துக் கொள்ளுங்கள். நல்ல வேளை, குழந்தைகள் கூடத்தில் படுத்திருந்தார்கள், அடுக்களையோடு போயிற்று. விடிந்ததும் வேலியோரம் போய், "என்ன அண்ணா, இப்படி ஆகி விட்டதே! ஓடு மாற்ற யார் பணம் கொடுப்பது?" என்கிறீர்கள். அவர் வானத்தைக் காட்டுகிறார்: "பகவான் செயலுக்கு நான் என்ன செய்ய முடியும், தம்பி?"

சட்டம் யார் பக்கம்?

மரம் அவருடையது என்பதால் மட்டும் நஷ்ட ஈடு கிடைத்து விடாது. அது விழக்கூடிய நிலையில் இருந்தது அவருக்குத் தெரியுமா? கவனித்திருந்தால் தெரிந்திருக்குமா? கோர்ட்டில் வழக்கு நிற்பதும் விழுவதும் இந்தக் கேள்வியில்தான்.

1926-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. காற்றே இல்லாத நாளில் சாலையோர மரக்கிளை முறிந்து ஒரு மோட்டார் வண்டி மேல் விழுந்தது. விரிசல் வெளியே தெரியாமல் உள்ளே இருந்ததால், மரத்தின் சொந்தக்காரர் மேல் பொறுப்பு இல்லை என்று தீர்ப்பாயிற்று. டில்லியிலோ, ஸ்கூட்டரில் போனவர் தலையில் கிளை விழுந்து அவர் இறந்தே போனார். அந்த மரம் பட்டையும் இலையும் இல்லாமல் பட்டுப் போயிருந்தது. "பார்த்து அகற்றியிருக்க வேண்டும்" என்று மாநகராட்சியின் பொறுப்பை 1999-ல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது.

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அப்படிப்பட்ட காற்றில் நல்ல மரம் விழுந்தால் பகவான் செயல் என்று சொல்லலாம். உளுத்த மரம் விழுந்தால், புயல் மேல் பழி போட்டுச் சுலபமாகத் தப்ப முடியாது.

ஆகவே, அடுத்த வீட்டுத் தென்னையின் தண்டில் ஓட்டை தெரிந்தாலோ, அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடிந்தாலோ பேசாமல் இருந்து விடாதீர்கள். முதலில் வாயால் சொல்லுங்கள். பலிக்காவிட்டால் தேதி போட்டு ஒரு கடிதம் எழுதி, ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, நகலையும் ஒரு போட்டோவையும் பத்திரப்படுத்துங்கள். அதன் பிறகு, "எனக்குத் தெரியாதே!" என்று அவர் சொல்ல முடியாது. அதற்கும் அசையாவிட்டால் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுங்கள். விழுந்து ஆபத்து விளைவிக்கக்கூடிய மரத்தை அகற்றவோ, முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட அவருக்கு அதிகாரம் உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-வது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 152-வது பிரிவு.

மரம் உங்களுடையதாக இருந்தால்? வேலிக்கு அப்பாலிருந்து, "அண்ணா, உங்கள் மரம் உளுத்திருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் கோபித்துக் கொள்ளாதீர்கள். அன்றே மரமேறியை அழைத்துக் காட்டுங்கள். அவர் கூலி சில நூறு ரூபாய்தான். அந்தக் கூரைக்குக் கீழேயும் குழந்தைகள் தூங்குகிறார்கள்.