"கேம் போச்சு சார்" என்றால், "எவ்வளவு தேய்ந்திருக்கு?" என்று கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வண்டி வைத்திருப்பவர்களும் வண்டியை நம்பிப் பிழைப்பவர்களும் பொறுமையாகப் படிக்கவும்.

விடைத்தாளைப் பிரித்துப் பார்க்காமல் மதிப்பெண் போடும் ஆசிரியரை நீங்கள் சும்மா விடுவீர்களா? ஆனால் பட்டறையில் அதே வேலையைச் செய்பவரிடம் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் என்று எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். பானெட்டைத் திறக்கிறார், பத்து வினாடி காது கொடுக்கிறார், "கேம்ஷாஃப்ட் தேஞ்சு போச்சு சார், ஹெட்டை இறக்கிடலாம்" என்கிறார். தெருவோரப் பட்டறையிலும் இது நடக்கிறது, கண்ணாடி வைத்த ஏ.சி. சர்வீஸ் சென்டரிலும் நடக்கிறது. இதற்குப் பெயர் அனுபவம் இல்லை, ஊகம். ஊகத்துக்கு நாம் ஏன் பில் கட்ட வேண்டும்?

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்கிறேன். இன்ஜினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுதான் கேம்ஷாஃப்ட். அதில் முட்டை வடிவப் புடைப்புகள் இருக்கும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அதாவது ஐடிலில் இன்ஜின் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால், கேம் 400 சுற்றுதான். ஒரு புடைப்பு தேய்ந்து தட்டினால் வினாடிக்கு ஆறேழு தட்டுதான் கேட்கும். கனெக்டிங் ராடு பேரிங் போயிருந்தால் சத்தம் அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில், இன்ஜினின் கீழ்ப்பகுதியிலிருந்து வரும். இந்த வித்தியாசத்தைக் கூடப் பிரித்துப் பார்க்காமல் ஹெட்டில் கை வைப்பவரை என்ன சொல்வது?

இன்றைய வண்டியில் 'கடகட' என்று கேட்பதெல்லாம் கேம் இல்லை. சைலன்ஸர் பக்கத்தில் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டில் ஒரு போல்ட் லூஸானாலும் கடகடக்கும். பெல்ட் டென்ஷனர், ஆல்டர்னேட்டர் புல்லி இவையும் சத்தம் போடும். பெல்ட்டைக் கழற்றிவிட்டுச் சில வினாடி ஓடவிட்டால் அது தெரிந்துவிடும். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பாய்ச்சும் இன்ஜின்களில் இன்ஜெக்டரும் பம்பும் 'டிக் டிக்' என்பது இயல்பு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் இரண்டு மூன்று வினாடி அடித்து அடங்கினால், முதலில் பார்க்க வேண்டியது டைமிங் செயின் டென்ஷனர், வால்வு நேரத்தை மாற்றும் வி.வி.டி. கியர், ஆயில் அளவு. இதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு வருவதற்குப் பெயர்தான் பரிசோதனை.

"கம்ப்யூட்டரே காட்டுது சார்" என்பது அடுத்த பாட்டு. கம்ப்யூட்டர் என்ன காட்டுகிறது? பி0016 என்று ஒரு எண் வருகிறது. கிராங்க், கேம் இரண்டின் நிலையும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே அதன் அர்த்தம். செயின் நீண்டிருக்கலாம், சென்சார் கெட்டிருக்கலாம், வி.வி.டி. வால்வில் கசடு அடைத்திருக்கலாம். "கேமை மாற்று" என்று எந்த ஸ்கேனரும் சொல்வதில்லை. அதைச் சொல்வது ஸ்கேனரைப் பிடித்திருக்கும் ஆள்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் டூரிஸ்ட் டாக்சி ஓட்டுகிறான். தவணை கட்டும் வண்டி. கேம், ஹெட், செயின் எல்லாம் சேர்த்து ஒரு பெரிய தொகையை ஒரு பட்டறையில் சொல்லியிருக்கிறார்கள். மனைவியின் நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டான். வேறொரு மெக்கானிக் வால்வு கவரை மட்டும் கழற்றி, மைக்ரோமீட்டரால் ஒவ்வொரு புடைப்பையும் அளந்து தாளில் எழுதிக் காட்டினார். எல்லாம் சரியாக இருந்தது. கோளாறு செயினிலும் டென்ஷனரிலும்தான். செலவு முதலில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு. நகை வீட்டிலேயே இருக்கிறது.

"அனுபவப்பட்ட காதுக்கு எதற்கு சார் மைக்ரோமீட்டர்?" என்று சிலர் கேட்பார்கள். அந்தக் காதை நான் மதிக்கிறேன். எங்கே தேட வேண்டும் என்று காது சொல்லும். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று சொல்லாது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துவிட்டு நேரே ஆபரேஷன் தியேட்டருக்கா கூட்டிப் போகிறார்?

இதில் வண்டிக்காரர்களின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து அளந்து பார்த்த மெக்கானிக் முந்நூறு ரூபாய் கேட்டால், "பார்த்ததுக்கெல்லாம் காசா?" என்று சண்டைக்குப் போகிறார்கள். அதே ஆள் பார்க்காமலே பத்தாயிரம் ரூபாய்க்குப் பாகம் மாற்றினால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். அப்புறம் அவர் எதைச் செய்வார்? அளப்பதற்குக் கூலி இல்லாத ஊரில் மாற்றுவதுதான் தொழிலாகும்.

ஆயில் விஷயமும் அப்படியே. 5-30 ஊற்றச் சொன்ன இன்ஜினில், "20-50 ஊத்துங்க, சத்தம் அடங்கிடும்" என்கிறார்கள். சத்தம் கொஞ்சம் அடங்கலாம். ஆனால் குளிர்ந்த இன்ஜினில் கெட்டியான ஆயில் மேலே கேமுக்குப் போய்ச்சேர நேரமாகும், தேய்மானம் கூடும். ஃபோக்ஸ்வாகனின் பழைய பம்ப்-இன்ஜெக்டர் டீசல் இன்ஜின்களில் கேமின் மீது சுமை அதிகம் என்பதால் 505.01 என்று தனி ஆயில் தரமே வைத்தார்கள். ஆயில் டப்பாவில் இருக்கும் எண்கள் அலங்காரத்துக்கு அச்சடித்தவை அல்ல.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சத்தத்தை அலட்சியப்படுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. சத்தத்தோடு ஆயில் விளக்கும் எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்துங்கள். செயின் பல் தாண்டினால் பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் மோதிவிடும். அப்போது நிஜமாகவே ஹெட்டை இறக்க வேண்டியிருக்கும்.

எனவே அடுத்த முறை "கேம் போச்சு" என்றால் நான்கே கேள்வி கேளுங்கள். ஆயில் பிரஷரை கேஜ் வைத்துப் பார்த்தீர்களா? ஆயில் ஃபில்டரை அறுத்து இரும்புத் துகள் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? புடைப்பின் அளவு எவ்வளவு, சர்வீஸ் மேனுவலில் எவ்வளவு? கழற்றிய பழைய பாகத்தை என்னிடம் கொடுப்பீர்களா?

பதில் சொல்பவருக்கு, பரிசோதனைக் கூலியைத் தாராளமாகக் கொடுங்கள். பதில் சொல்லாமல் முறைப்பவரிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். எந்த வேலைக்கும் பில் வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, 1915 என்ற உதவி எண் இருக்கிறது. கையில் பில்லும் பழைய பாகமும் இல்லாமல் போனால் அங்கேயும் உங்கள் பேச்சு எடுபடாது.

டாக்சி, ஆட்டோ, லோடு வண்டி ஓட்டும் தம்பிகள் யாராவது உங்கள் நட்பு வட்டத்தில் இருந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். அளந்து காட்டும் மெக்கானிக் உங்கள் ஊரில் இருந்தால் அவர் பட்டறை இருக்கும் இடத்தைக் கமெண்டில் எழுதுங்கள். நல்லவர்களுக்கு நாலு வண்டி கூட வரட்டும்.