ஒற்றை விரல் பியானோ

போன மாதம் மாமனாரின் ஆஸ்பத்திரி க்ளெய்ம் விஷயமாக ஒரு இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன். "லைனில் இருங்கள்" என்று இந்தியில் சொல்லிவிட்டு ஒரு பெண்மணி மறைந்துவிட்டார். பதிலுக்கு ஒரு மெட்டு வந்தது. இருபத்தைந்து நிமிடம், அதே மெட்டு. ஸ்பீக்கரில் போட்டிருந்தேனா, வீடு முழுக்க ஓடியது. சமையலறையிலிருந்து தங்கமணி, "அந்த லிஃப்ட் மியூசிக்கை நிறுத்தித் தொலைங்களேன்" என்றாள்.

எனக்கு நிறுத்த மனசு வரவில்லை. அது 'இபனிமா பெண்'. பிரேசில்காரர் அந்தோனியோ கார்லோஸ் ஜோபிம் 1962ல் மெட்டுப் போட்டது. பாவம் மனுஷர், உலகம் பூரா லிஃப்டிலும் ஓட்டல் வரவேற்பறையிலும் போன் வயரிலும் மாட்டிக்கொண்டார். வார்த்தை இல்லாமல் வாசித்தால் அது பின்னணி இசை, சும்மா இடத்தை நிரப்புவது என்று ஒரு எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. பாட்டென்றால் வரிகள்தானே என்று கல்லூரி நாளிலிருந்து சண்டை போட்டவன் நான். ஜோபிம் விஷயத்தில் இப்போது என் கட்சி வேறு. அவருடைய பாட்டுகளுக்கு ஆங்கில வார்த்தை போட்டதை விட, வார்த்தையே இல்லாமல் வாசித்த ரெக்கார்டுகள்தான் அவருக்கு உண்மையாக இருக்கின்றன. ஏன் என்று சொல்கிறேன். (நான் இசை படித்தவன் இல்லை, பி.காம். தப்பிருந்தால் தெரிந்தவர்கள் மன்னிக்கவும்.)

முதலில் ஆள் யாரென்று சுருக்கமாக. 1927ல் ரியோ டி ஜெனிரோவில் பிறந்தார். சின்ன வயதிலேயே குடும்பம் இபனிமா கடற்கரைப் பக்கம் குடிவந்தது. எட்டு வயதில் அப்பா போய்விட்டார். வளர்ப்புத் தந்தைதான் இசையில் ஊக்கம் கொடுத்தவர். பதின்ம வயதில் பியானோ சொல்லிக்கொடுத்தவர் கோல்ராய்ட்டர் என்ற ஜெர்மானியர். இதில் டில்லிவாசிகளுக்கு ஒரு கொசுறு: இந்தக் கோல்ராய்ட்டர் 1960களின் பின்பாதியில் நம்ம டில்லியில்தான் இருந்தார், ஜெர்மன் கலாசார மையத்து வேலையில்! ஜோபிம் கட்டிடக்கலை படிக்கச் சேர்ந்து, விட்டுவிட்டு, ரியோவின் இரவு விடுதிகளில் பியானோ வாசித்துப் பிழைத்தார். பகலில் ஒரு ரெக்கார்டு கம்பெனியில் சுரக்குறிப்பு எழுதத் தெரியாத பாட்டுக்காரர்களின் மெட்டை எழுதிக்கொடுக்கும் வேலை. கிட்டத்தட்ட நம்ம குமாஸ்தா உத்தியோகம்தான். 1956ல் வினிசியஸ் டி மொராய்ஸ் என்ற கவிஞரின் நாடகத்துக்கு இசை அமைத்ததும் வாழ்க்கை திரும்பியது. 1958ல் ஜோவோ ஜில்பெர்டோ கிட்டாரோடு மெல்லப் பாடிய ஜோபிமின் மெட்டு ஒன்று வெளிவந்தது. போசா நோவா என்று உலகம் சொல்வது அதிலிருந்துதான் சூடு பிடித்தது.

இனி என் வழக்கு.

அமெரிக்கா பெரிய அளவில் முதலில் கேட்டது வார்த்தை இல்லாத ஜோபிமைத்தான். 1962 பிப்ரவரியில் ஸ்டான் கெட்ஸ் சாக்ஸபோனும் சார்லி பைர்ட் கிட்டாருமாக வாஷிங்டனில் ஒரு தேவாலயக் கூடத்தில் உட்கார்ந்து வாசித்த 'ஜாஸ் சாம்பா' ஆல்பத்தில் அவருடைய இரண்டு மெட்டுகள். பாட்டே கிடையாது. 1963ல் அது பில்போர்டு பட்டியலில் முதலிடம் வந்தது. அதற்குப் பிறகுதான் ஆங்கில வரிகள் வரிசை கட்டின.

அந்த வரிகள் என்ன செய்தன பாருங்கள். 'டிசஃபினாடோ' என்றால் சுருதி விலகியது. போர்த்துகீசிய மூலத்தில் சுருதி சேரவில்லை என்று கேலி செய்யப்படுகிற ஒருவன், இதுதான் போசா நோவா, சுருதி தப்புகிறவனுக்கும் இதயம் உண்டு என்று வாதாடுகிறான். காதலியை ரோலிஃப்ளெக்ஸ் கேமராவில் படம் பிடித்ததைக் கூடச் சொல்லிக் காட்டுகிறான். குறும்பு, கோபம், கெஞ்சல் எல்லாம் ஒரே பாட்டில். முதலில் பரவிய ஆங்கில வடிவத்தில் கேமராவும் இல்லை, வழக்கும் இல்லை. நம் காதல் கொஞ்சம் சுருதி விலகிவிட்டது, அவ்வளவுதான். 'இன்சென்சாடெஸ்' பாட்டில் ஒருவன் தன் நெஞ்சையே பார்த்துத் திட்டி, போய் மன்னிப்புக் கேள் என்கிறான். ஆங்கிலத்தில் அந்த மன்னிப்பு காணாமல் போய், கல்மனசுக்காரன் ஒருவன் நடந்ததை அறிக்கை வாசிக்கிறான். ஜோபிமுக்கே இந்த மொழிபெயர்ப்புகளில் திருப்தி இல்லை. பிற்பாடு சில பாட்டுகளுக்கு அவரே ஆங்கிலத்தில் எழுதினார்.

எதிர்க்கட்சி வாதமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. 1963ல் ஆஸ்ட்ரூட் ஜில்பெர்டோ ஆங்கிலத்தில் பாடியிருக்காவிட்டால் 'இபனிமா பெண்' இன்சூரன்ஸ் கம்பெனி வரை வந்திருக்காது. சரிதான். ஆனால் அந்தச் சின்ன ரெக்கார்டை விற்பதற்கு அவர் கணவர் போர்த்துகீசியத்தில் பாடிய பகுதியை வெட்டி எறிந்தார்கள். வியாபாரம் ஜெயித்தது, ஒப்புக்கொள்கிறேன்.

1963 மே மாதம் ஜோபிம் நியூயார்க்கில் தன் பெயரில் முதல் ஆல்பம் பதிவு செய்தார். 'டிசஃபினாடோவை இயற்றியவர் வாசிக்கிறார்' என்பது போல் ஒரு தலைப்பு. பன்னிரண்டு மெட்டுகள், பாட்டு இல்லை. வாத்திய ஒழுங்கு செய்தவர் க்ளாஸ் ஓகர்மன், இவரும் பிழைக்க வந்த ஜெர்மானியர். அதில் ஜோபிமின் பியானோவைக் கேளுங்கள். ஒவ்வொரு சுரமாக, ஒற்றை விரலால் தட்டுவது மாதிரி. இவருக்கு வாசிக்கவே வராதோ என்று முதல் தடவை நினைத்தேன். வருஷக்கணக்கில் விடுதியில் வாசித்துச் சம்பாதித்தவருக்கு வராமலா? வேண்டாம் என்று விட்டிருக்கிறார். பாடகர் இருக்க வேண்டிய இடத்தில் அந்த ஒற்றைச் சுரம் நிற்கிறது. பின்னால் வயலின்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன. சிக்கனம் என்றால் இது. செலவு செய்ய ஒன்றும் இல்லாதவனின் சிக்கனம் இல்லை.

அதிலேயே 'ஒற்றைச் சுர சாம்பா' இருக்கிறது. கச்சேரியில் தம்புரா கீழே ஒரே சுருதியில் நிற்க, பாடகர் மேலே ஊர் சுற்றுவார் இல்லையா? இங்கே தலைகீழ். மெட்டு மேலே ஒரே சுரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும். கீழே கார்டுகள் படிப்படியாக இறங்கும். சுரம் மாறவில்லை, ஆனால் அதன் நிறம் மாறிக்கொண்டே போகிறது. வரிகளைப் பின்தொடர்ந்துகொண்டிருந்த வரைக்கும் எனக்கு இது காதில் விழுந்ததே இல்லை. 'இன்சென்சாடெஸ்' கேட்டால் ஷோபினின் இ மைனர் பிரலூடின் சாயலும் தெரியும். கீபோர்டு கற்றுக்கொள்ளும் மகள்தான் காட்டிக்கொடுத்தாள்.

மகள் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். டில்லியில் பிறந்து வளர்ந்தவள். வீட்டுத் தமிழ் பேசுவாள், பாட்டுத் தமிழ் பாதிதான் எட்டும். அவளுக்காக எனக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றை வரிவரியாக ஆங்கிலத்தில் விளக்கினேன் ஒருநாள். முகம் வாடிப்போய், "இவ்ளோதானாப்பா?" என்றாள். தப்பு பாட்டில் இல்லை. என் விளக்கத்தில். அடுத்த வாரம் அதே மெட்டை அவளாகவே கீபோர்டில் தேடித் தேடி வாசித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவளாகத் தமிழுக்கு வந்தால் வரட்டும். நான் கொடுத்த மட்டமான ஆங்கிலத்தோடு அந்தப் பாட்டு அவளுக்கு முடிந்துவிடக் கூடாது.

1967ல் வந்த 'வேவ்', அட்டையில் ஒட்டகச்சிவிங்கி போட்டது, ஒரே ஒரு பாட்டைத் தவிர முழுக்க வாத்தியம். சினாட்ராவோடு அவர் ஆல்பம் போட்டதும் அதே வருஷம்தான். எதை முதலில் கேட்பது என்றால் நான் 'வேவ்' என்பேன். 1976ன் 'உருபு'வில் ஒரு பக்கம் பாட்டு, மறுபக்கம் ஆர்கெஸ்ட்ரா மட்டும். அது கொஞ்சம் கனம், அவசரத்தில் கேட்காதீர்கள். 1994 டிசம்பரில் நியூயார்க்கில் இறந்தார். 1999ல் ரியோ விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். விமானமென்றாலே பயந்தவர் என்று சொல்வார்கள், அவருக்கு!

ஆரம்பிக்கிறவர்கள் 1963 ஆல்பத்திலிருந்து ஆரம்பியுங்கள். ஹெட்போன் போட்டு, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல். முப்பத்து சொச்சம் நிமிடம்தான்.

க்ளெய்ம் இன்னும் வரவில்லை. நாளைக்கு மறுபடி போன் போட வேண்டும்.