கட்டளையிடக் கற்போம்

விஞ்ஞான யுகத்தில் வாழும் நாம் பொத்தானை அழுத்தக் கற்றிருக்கிறோம். ஆனால் கணினிக்குக் கட்டளையிடக் கற்றிருக்கிறோமா?

ஆண்டுவிழாவை ஒளிப்பதிவு செய்தால் அது ஒரே கோப்பாகக் கிடைப்பது அரிது. எஃப்.ஏ.டி. 32 முறையில் அமைந்த நினைவு அட்டையில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்ட முடியாது. ஆகவே விழா பல துண்டுகளாகிவிடுகிறது. அவற்றை இணைக்கச் சிலர் ஏதேனும் ஓர் இணையதளத்திற்கு அனுப்பிவிடுகின்றனர். நம் ஆட்டமும் பாட்டும், மழலை வகுப்புக் குழந்தைகளின் முகங்களும் முன்பின் அறியாதவர் கணினிக்குப் போய்ச் சேருகின்றன. இது தகுமா?

எஃப்.எஃப்.எம்பெக் என்னும் மென்பொருள் இவ்வேலையை நம் கணினியிலேயே முடித்துவிடும். 2000ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கிய இது இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் துண்டுகளின் பெயர்ப்பட்டியல் வேண்டும். 'விழா' என்று எழுதி நட்சத்திரக் குறி இட்டால், அப்பெயரில் தொடங்கும் கோப்புகள் அனைத்தையும் கணினியே திரட்டித் தரும். அப்பட்டியலைக் கொடுத்து, மாற்றாமல் நகலெடுக்குமாறு கட்டளையிட்டால், படத்தின் தெளிவு சற்றும் குறையாமல் துண்டுகள் இணைந்துவிடும். எல்லாம் ஒரே காமிராவில், ஒரே அமைப்பில் எடுக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை! பெயர்களை அடுக்கும்போது கணினி எண்ணின் மதிப்பைப் பாராமல் எழுத்தின் வரிசையையே பார்க்கும். விழா1, விழா2 என்று விழா10 வரை பெயரிட்டால், 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். வரவேற்புரை முடிந்ததும் நன்றியுரை தொடங்கிவிடும்! 01, 02 எனப் பெயரிட்டால் இத்தொல்லை இல்லை.

"கைப்பேசிச் செயலி இருக்க, இந்தப் பாடு எதற்கு?" என்று கேட்கலாம். பல செயலிகள் தம் முத்திரையைப் படத்தின்மேல் பதித்து, அதை நீக்கப் பணம் கேட்கின்றன. நாம் எழுதிய கட்டளையோ குறிப்பேட்டில் இருந்து, அடுத்த ஆண்டு நம் தங்கையருக்கும் உதவும்.

"இதெல்லாம் ஆண்பிள்ளைகள் வேலை" என்பாரும் உண்டு. பாபேஜ் திட்டமிட்ட இயந்திரத்திற்குக் கணக்கிடும் முறையை 1843இல் எழுதி வெளியிட்ட அடா லவ்லேஸ் ஒரு பெண்மணி அன்றோ!

ஆகவே கணினி வகுப்பு தட்டச்சோடும் படம் வரைவதோடும் நின்றுவிடாமல், கட்டளை எழுதவும் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும் என அருட்சகோதரிகளையும் பெற்றோரையும் பணிவன்புடன் வேண்டுகிறோம். தோழியரே, நம் முகங்கள் பதிந்த படத்தை நம் கையாலேயே தொடுப்போம்!