கியர் பெட்டியும் ஓர் அமானிதமே

 

தொழிலறிவைப் பேசும் இப்பகுதிக்கு இம்முறை ஒரு தாயிடமிருந்து கடிதம் வந்துள்ளது. அவருடைய மகன் ஷார்ஜாவில் ஒரு வாகனப் பட்டறையில் ஃபிட்டராகப் பணிபுரிகிறார். அங்கே 1970ஆம் ஆண்டின் ஷெவர்லே ஷெவெல் கார் ஒன்று வந்திருக்கிறது. 454 கன அங்குல எஞ்சின் பூட்டிய, வேகத்துக்குப் பேர்பெற்ற அமெரிக்கக் கார் அது. அதன் தானியங்கி கியர் பெட்டியை மாற்றித் தர வேண்டும் என்பது உரிமையாளரின் விருப்பம். மூலையில் கிடக்கும் பழைய பெட்டி ஒன்றைப் பூட்டி அனுப்பிவிடு என்பது மேலாளரின் கட்டளை. "அந்தப் பெட்டி தாங்காது என்று என் மகனுக்குத் தெரிகிறது. அந்தக் கூலி ஹலாலாகுமா?" என்று அத்தாய் வினவுகிறார்.

முதலில் தொழிலைப் பார்ப்போம். அக்காரில் இருப்பது டர்போ ஹைட்ராமேட்டிக் 400 என்னும் மூன்று கியர் பெட்டி. 1964இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வெளியிட்ட இது, வலிமையில் குறைவற்றது. ஆனால் இதன் மேல் கியர் நேர் விகிதம். அதாவது எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் பெட்டியின் வெளித் தண்டும் ஒரு சுற்றே சுற்றும். பின் அச்சின் விகிதம் 3.73 என்றும், சக்கரத்தின் விட்டம் இருபத்தாறரை அங்குலம் என்றும் மகன் குறித்திருக்கிறார். அப்படியானால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்திற்குச் சுமார் 2900 சுற்றுகள் சுற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் இரைச்சலும் எரிபொருள் செலவும் மிகும். ஆகவேதான் உரிமையாளர், எஞ்சினை நிதானமாகச் சுற்றவிடும் நான்காவது கியரை நாடுகிறார். அவருடைய ஆசையில் தவறில்லை.

மூலையில் கிடப்பது 700ஆர்4 என்னும் பெட்டி. 1982 மாடல்களில் அறிமுகமானது. முதல் கியர் 3.06; நான்காவது 0.70. அதைப் பூட்டினால் அதே வேகத்தில் சுற்று சுமார் 2050க்கு இறங்கும். கணக்கு இனிக்கிறது. ஆயினும் அந்த எஞ்சினின் முறுக்கு விசை, தொழிற்சாலை அறிவித்தபடியே 500 பவுண்டு-அடி. வலுப்படுத்தப்படாத 700ஆர்4 அவ்வளவு சுமைக்காகச் செய்யப்பட்டதன்று. அதன் மூன்றாம், நான்காம் கியர்களுக்குரிய கிளட்ச் தட்டுகளே முதலில் கருகும். மேலும், ஆக்ஸிலரேட்டரோடு இணைந்த ஒரு கேபிள்தான் பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தத்தை நிர்ணயிக்கிறது. அதைச் சரியாக அமைக்காவிட்டால் நல்ல பெட்டியும் விரைவில் பாழாகும்.

இதற்குத் தக்கது 1991இல் வந்த 4எல்80இ. பழைய 400இன் வழித்தோன்றல் அது. முதல் மூன்று கியர்களின் விகிதங்கள் அதே 2.48, 1.48, 1.00, அவற்றோடு 0.75 என்னும் நான்காவது கியரும் உண்டு. சுற்று 2200 அளவில் நிற்கும், வலிமையும் குறையாது. ஆனால் செலவு கூடும். மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி தனியே வேண்டும். பெட்டி பருமனானதால் காரின் தரைத் தகட்டைச் சற்றே தட்டி இடம் செய்ய நேரலாம். புரொபெல்லர் ஷாஃப்ட்டின் நீளத்தையும் அளந்து சரிசெய்ய வேண்டும்.

எந்தப் பெட்டியானாலும் ஃபிட்டர் கைக்கொள்ள வேண்டிய ஒழுங்குகள் சில உண்டு. பழைய பெட்டியானால் அடித்தட்டைக் கழற்றிப் பாருங்கள். எண்ணெய் கருத்துக் கருகல் வாடை வீசினாலோ, உலோகத் துகள்கள் மின்னினாலோ அதைப் பூட்டாதீர்கள். டார்க் கன்வெர்ட்டர், பம்ப்பினுள் முழுமையாக அமர்ந்திருக்க வேண்டும். பெட்டியை எஞ்சினோடு முடுக்கிய பின்னும் அது கையால் தடையின்றிச் சுழல வேண்டும். இல்லையேல் முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போதே பம்ப் உடையும். எண்ணெய் கூலரைக் கழுவாமல் விட்டால், பழைய பெட்டியின் துகள்கள் புதிய பெட்டிக்குள் புகுந்து அதையும் அரிக்கும். இவற்றுள் எதையும் வாடிக்கையாளர் கண்ணால் காணமாட்டார். காண்பவன் ஃபிட்டரும், அவனைப் படைத்த இறைவனும் மட்டுமே.

இப்போது அத்தாயின் கேள்விக்கு வருவோம். மார்க்கத் தீர்ப்பை உலமாப் பெருமக்களிடமே கேட்டுத் தெளிய வேண்டும். எனினும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, விற்றவரைக் கண்டித்த வரலாறு நாம் அறிந்ததே. மழையில் நனைந்தது குற்றமன்று. நனைந்ததை அடியில் மறைத்ததே குற்றமாயிற்று. கருகிய கிளட்ச் தட்டும் அத்தகைய ஈரமே. நெடுஞ்சாலையில் திடீரென இழுவை இழந்து கார் தளரும்போது, பின்னால் லாரி வருமானால், அங்கே சேதமாவது பணம் மட்டுமா?

மகன் மேலாளரோடு சண்டையிட வேண்டியதில்லை. வாடிக்கையாளருக்கு உண்மையை அறிவித்துவிடலாம் என்று பணிவாக அவரிடம் எடுத்துரைக்கட்டும். 4எல்80இக்குப் பணம் போதாதெனில், இருக்கும் 400 பெட்டியை அப்படியே விட்டுப் பின் அச்சின் விகிதத்தை 3.08 ஆக மாற்றலாம். புறப்படும் வேகம் சற்றுக் குறையும். ஆனால் சுற்று 2400 அளவுக்கு இறங்கும். பட்டறைக்கும் வேலை கிடைக்கும். உரிமையாளருக்கும் மன நிறைவு கிடைக்கும். அப்படியும் மேலாளர் மறுத்தால், அப்பெட்டியின் குறையை உரிமையாளர் அறியாதபடி அதைப் பூட்டுவதற்கு மகன் தம் கையைத் தரலாகாது.

அன்புத் தாயே! வேலை போய்விடுமோ என்ற உங்கள் அச்சம் எங்களுக்குப் புரிகிறது. ஊரில் அந்தச் சம்பளத்தை எதிர்பார்த்து அடுப்பெரியும் வீடு இது என்பதையும் உணர்கிறோம். ஆயினும் இரணம் அளிப்பவன் மேலாளர் அல்லன். கேள்வி கேட்கும் உள்ளத்தோடு ஒரு மகனை வளர்த்திருக்கிறீர்களே, அதற்காக அல்ஹம்துலில்லாஹ் கூறுங்கள்.

அவருடைய உழைப்பில் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.