நனைந்த வைக்கோலும் ஓய்வுநாளும்



தை மாதத்தில் சம்பா அறுவடை முடிந்ததும் வைக்கோல் போர் போடும் காலம் வருகிறது. இரண்டொரு மாடுகளை வைத்துப் பிழைக்கும் குடும்பத்திற்கு நெல்லைப் போலவே வைக்கோலும் விலையேறியது. கோடையில் மேய்ச்சல் காய்ந்துபோகையில் அந்தப் போரை நம்பியே வாயில்லா ஜீவன்கள் உயிர் வாழ்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன், அறுவடைக் காலத்து ஞாயிறு ஒன்றில் ஒரு குடும்பத்தார் ஆராதனைக்கு வரவில்லை. பெயர் சொல்லாமல், ஆனால் யாவருக்கும் விளங்கும்படி, பிரசங்கத்தில் அவர்களைக் கடிந்துகொண்டேன். மாலையில் அவர்கள் களத்திற்குச் சென்றபோது, மழை முந்திக்கொண்டதைக் கண்டேன். பாதி வைக்கோல் நனைந்திருந்தது. ஈரத்தோடு அடுக்கினால் போரின் உள்ளே சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும்; அதைத் தின்னும் மாடு நோயுறும். அந்தத் தாயார் என்னைக் குறைகூறவில்லை. "ஐயா, மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாதுங்களே" என்று மட்டும் சொன்னார்.

யாத்திராகமம் 34:21 அறுவடை நாட்களுக்கும் ஓய்வுநாள் பொருந்தும் என்றே போதிக்கிறது. வேலை மிகுந்த காலத்தில்தான் நாம் தேவனை மறக்கிறோம் என்பதை அவர் அறிந்திருக்கிறார். ஆகையால் "வேலை இருந்தது" என்னும் சாக்கு எப்போதும் செல்லாது. ஆயினும் லூக்கா 13:15-இல், ஓய்வுநாளிலும் மாட்டை அவிழ்த்துத் தண்ணீர் காட்டும் வழக்கத்தை ஆண்டவரே எடுத்துக்காட்டுகிறார். தண்ணீர் காட்டுவது தகுமானால், தீவனத்தை மழையிலிருந்து காப்பது தகாதோ? அதிக இலாபத்திற்காக ஆராதனையைத் தள்ளிவிடுவது வேறு, இது வேறு.

ஆனாலும் அன்று பெரிய தவறு சபையாகிய நம்முடையது. சனிக்கிழமை மாலையே மேகம் திரண்டதை நாம் எல்லாரும் கண்டோம். நம்மில் பத்துப் பேர் அந்தக் களத்திற்குச் சென்றிருந்தால், இருட்டுமுன் போர் முடிந்திருக்கும். அந்தக் குடும்பம் மறுநாள் நம்மோடு பாடியிருக்கும். முதலாவது கடிந்துகொள்ளப்பட வேண்டியவன் நானே. அடுத்த ஞாயிறு அதே பிரசங்கபீடத்தில் நின்று அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன்.

பிரியமானவர்களே, ஆலயத்தில் ஓர் இருக்கை வெறுமையாய் இருந்தால், நியாயந்தீர்க்குமுன் அந்த வீட்டுக் களத்தைப் போய்ப் பாருங்கள். இந்த வாரம் வானம் கறுத்தால், காத்திராமல் கைகொடுக்கப் புறப்படுங்கள்.

கர்த்தர் உங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.