வந்தவர் சொன்ன வியாதி

வாகனத்தின் வியாதியை அதன் சொந்தக்காரரே நன்கறிவார். மெக்கானிக் என்பவன் அவர் சொன்ன சாமானைக் கழற்றிப் பூட்டுவதற்கென்றே பிரமதேவன் சிருஷ்டித்த ஒரு சோடிக் கை மாத்திரமே என்னும் சித்தாந்தம், ஏ-9 வீதியில் பரந்தனிலிருந்து வவுனியா வரை கராஜ்தோறும் நிலைபெற்றிருக்கிறது. அச்சித்தாந்தத்தின் உபாசகர் ஒருவர் சென்ற வாரம் தமது ஹயஸ் வானைக் கட்டியிழுப்பித்துக்கொண்டு கிளிநொச்சியிலுள்ள என் கராஜுக்கு எழுந்தருளினார்.

"அண்ணை, பற்றரி செத்துப்போச்சு. வேறை ஒண்டும் பாக்க வேண்டாம், புதுசொண்டு போடுங்கோ."

செத்ததாகச் சொல்லப்பட்ட பற்றரியோ, பதினைந்து நாளைக்கு முன் இதே காரணங்கூறி இவரே வாங்கிப் பூட்டியது!

மீற்றரை வைத்தேன்: 12.6 வோல்ற், பூரண ஆரோக்கியம். பற்றரியிலிருந்து சட்டத்துக்கு இறங்கும் ஏர்த் வயரின் முனைதான் பச்சைக் களிம்பேறிக் கிடந்தது. ஹோர்ன் கேட்கும் சில அம்பியர் மின்சாரம் அந்தக் களிம்பினூடும் எப்படியோ கசிந்து போய்விடும். நூறு அம்பியருக்கு மேல் கேட்கும் ஸ்ராட்டருக்கோ அது தூர்ந்த வாய்க்கால். அரத்தால் சுரண்டி நட்டை இறுக்கினேன். வான் உடனே உயிர்பெற்றது. கூலியைச் சொன்னதும், "ஒரு நட்டு இறுக்கினதுக்கோ?" என்றார். சாகாத பற்றரிக்குப் பதிலாக இன்னொன்று வாங்கப் பல்லாயிரம் ரூபாவை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்!

யுத்தகாலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் வராத வன்னியில், சில துளி பெற்றோலில் உசுப்பி, மண்ணெண்ணெயிலேயே ஒஸ்ரின் கார் ஓட்டிய பரம்பரையல்லவா, எமக்குத் தெரியாததோ என்பார்கள் இந்தச் சித்தாந்திகள். மண்ணெண்ணெயில் ஓடிய கார் ஏன் புகைத்தது என்று ஊகிக்க என்ன சாஸ்திரம் வேண்டும்? ஏர்த் வயரை அக்காலத்திலும் எவரும் குனிந்து பார்த்ததாக நான் அறியேன்.

இந்த அன்பர்தாம் ஆஸ்பத்திரிக்குப் போனால் ஊசி போடாத டொக்டரை டொக்டரே அல்லர் என்பார். இரணைமடுக் குளத்து நீர் பாயும் தம் வயலில் பயிர் மஞ்சளித்தால், தேங்கிய நீரில் வேர் அழுகுகிறதா என்று ஒரு நாற்றைத்தானும் பிடுங்கிப் பாராமல் யூரியாவை வாரி எறிவார். அங்கேயும் ஓர் ஏர்த் வயர் களிம்பேறிக் கிடக்கலாமே என்ற சந்தேகம் அவருக்கு லவலேசமும் எழுவதில்லை.

நேற்று மைத்துனரின் ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் வந்தார். "அண்ணை, இதுக்கும் ஏர்த் வயர்தான். நான் பாத்திட்டன்" என்றார், பரம திருப்தியோடு.

தாங்கியில் ஒரு சொட்டுப் பெற்றோல் இல்லை.