வேப்பிலையும் வேப்பெண்ணெயும்

பேராக்கில் பிறந்த தமிழன் எவனுக்கும் வேம்பை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. காட்டை அழித்துப் பால்மரம் நட்ட தோட்டங்கள் பலவற்றில், லயத்தின் கோடியில் ஒரு மாரியம்மன் கோயிலும் அதன் பக்கத்தில் ஒரு வேப்பமரமும் நின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன பின்னர், ஜனங்கள் ஈப்போவுக்கும் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் குடிபெயர்ந்தார்கள். மரம் அங்கேயே நின்றுவிட்டது. மரத்தைப் பற்றிய நம்பிக்கை மட்டும் மூட்டையோடு கூட வந்துவிட்டது. அதைக் குறித்தே இன்று சிறிது கண்டிப்பாகப் பேசக் கருதுகிறோம்.

வேம்பை நாம் இகழவில்லை. அதன் குச்சி பல் துலக்க உதவுவதும், அதன் கொட்டைச் சத்து பயிர்ப் பூச்சிகளை ஒடுக்குவதும் மெய். அமெரிக்க விவசாய இலாகாவும் ஒரு கம்பெனியும், வேப்பெண்ணெயினால் பயிர்ப் பூஞ்சையை ஒழிக்கும் முறைக்கு 1994-ல் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றன. இந்தியரும் பிறரும் எதிர்த்து வாதாட, அது 2000-ல் ரத்தாயிற்று; 2005-ல் அப்பீலும் தோற்றது. நாமும் மகிழ்ந்தோம். ஆயினும் வென்ற வழக்கு பூஞ்சையைப் பற்றியது, பேயைப் பற்றியதன்று.

நிற்க. வைசூரி இருந்த காலத்தில், நோய் கண்டவனை வேப்பிலைமேல் கிடத்தி, "ஆத்தாள் விளையாடுகிறாள்" என்று கதவைச் சாத்தினார்கள். அவர்களை ஏச நமக்கு வாய் வரவில்லை. ஒரு டிரெஸ்ஸர், ஒரு குயினைன் புட்டி. அதற்கப்பால் வைத்தியம் காணாத லயங்களில் உழன்றவர்கள் அவர்கள். துரை கொடாத ஆறுதலை வேப்பமரம் கொடுத்தது. ஆனால் வைசூரியை ஓட்டியது எது? அம்மை குத்திக் குத்தியே அந்நோய் அற்றது. அற்றதென்று 1980-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. எந்தப் பூசாரியின் வேப்பிலைக்கும் அப்பெருமையில் பங்கில்லை.

அங்ஙனமிருக்க, மணல்வாரி கண்ட பிள்ளையை டாக்டரிடம் காட்டினால் அம்மன் கோபிப்பாள் என்று, தலைக்குத் தண்ணீர் விடும்வரை வீட்டில் அடைத்து வைப்போர் இன்றும் உளர். மணல்வாரி நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே மோசம். அதைத் தடுக்கும் ஊசியை ஒன்பதாம் மாதத்திலும் பன்னிரண்டாம் மாதத்திலும் அரசாங்கக் கிளினிக்கில் போடுகிறார்கள். வாசலில் வேப்பிலை கட்டுவதை நாம் தடுக்கவில்லை. "இங்கே நோய் உண்டு, உள்ளே வராதே" என்று ஊருக்கு அறிவிக்கும் பலகை அது. பலகையை மருந்தென்று எண்ணலாமா?

இவற்றிலும் கொடியது எண்ணெய். சளி என்றும் பூச்சி என்றும் சொல்லிக் கைக்குழந்தைக்குப் பாலாடையில் வேப்பெண்ணெய் புகட்டுகிறார்கள். இது வெள்ளைக்காரன் கட்டிய கதையென்று தள்ள வேண்டாம். எழுதியவர் பெயர் சின்னையா. கோலாலம்பூர் மருத்துவராகிய அவரும் துணைவர் ஒருவரும் 1981-ல் லண்டன் "லான்செட்" பத்திரிகையில் 13 குழந்தைகளின் கதியை வெளியிட்டார்கள். வேப்பெண்ணெய் குடித்த சில மணி நேரத்துக்குள் வாந்தி, ஓயாத தூக்க மயக்கம். இரத்தத்தில் அமிலம் மிகுந்து, மூளை தாக்குண்டது. ஒரு குழந்தையின் ஈரலைச் சோதித்ததில் கொழுப்பு மண்டிக் கிடந்தது. இந்த நஞ்சினால் வலிப்பும் வரும். வலிப்பைக் கண்டதும் நம்மவர் செய்வது என்ன? "காற்றுச் சேட்டை" என்று மந்திரக்காரனைக் கூப்பிட்டு வேப்பிலை அடிப்பது! கொட்டையின் எண்ணெய் கொணர்ந்த வலிப்பை அதே மரத்தின் இலையால் ஓட்டப் பார்க்கும் பரிதாபத்தை என்னவென்பது?

"பச்சிலைச் சரக்குத்தானே, என்ன செய்துவிடும்?" என்பார்கள். அரளியும் பச்சிலைதான், ஊமத்தையும் பச்சிலைதான். இப்பொழுது புட்டியில் சாமி படம் ஒட்டிக் கைப்பேசியிலேயே விலை கூறும் மூலிகை வியாபாரிகளும் இப்பாட்டையே பாடுகிறார்கள். பாட்டி அறியாமையால் செய்தாள். இவர்கள் அறிந்தே காசாக்குகிறார்கள். 1984-ஆம் வருஷத்து விதிகளின்படி இந்நாட்டில் பதிவான பாரம்பரிய மருந்தின் உறையில் "மால்" என்ற எழுத்துகளும், எண்ணும், ஈற்றில் "டி" எழுத்தும் இருக்க வேண்டும். அது இல்லாத சரக்கை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

வேப்பெண்ணெய் குடித்த பிள்ளை வாந்தியெடுத்துத் துவண்டு விழுந்தால், பூசாரி வரும்வரை காத்திராதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடுங்கள். என்ன புகட்டினோம், எவ்வளவு புகட்டினோம் என்பதை வெட்கப்பட்டு ஒளிக்காமல் சொல்லுங்கள்; புட்டியையும் கையோடு கொண்டு போங்கள்.